உடலின் கணக்கும் ஊதியத்தின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சமய தத்துவம் அன்று. இலக்கிய ஆராய்ச்சியும் அன்று. பசறையிலும் லுணுகலையிலும், மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும், ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கின்ற எங்கள் தாய்மாரின் உடல் நலமும், அவர்கள் கையில் வந்து சேரும் காசுமே இன்றைய பொருள். சமயச் சங்கத்து மேடையிலே இதற்கு இடமுண்டா என்று சிலர் எண்ணலாம். திருவள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்தார். 'பொருள் செயல்வகை' என இன்னோர் அதிகாரமும் வகுத்தார். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணும் வழியென்று திருமூலர் காட்டினார். ஆகவே இவ்விரண்டையும் பேசுவது நமது நெறிக்குப் புறம்பானதன்று.

நாம் சொல்ல வந்தது ஒன்றே. உடலின் கணக்கும் ஊதியத்தின் கணக்கும் இரண்டு கணக்குகள் அல்ல. ஒரே கொப்பியின் இரண்டு பக்கங்கள். உடல் சோர்ந்தால் பேர் குறைகிறது. பேர் குறைந்தால் சம்பளம் குறைகிறது. சம்பளம் குறைந்தால் கடன் ஏறுகிறது. கடன் ஏறினால் முதலிலே குறைவது தாயின் சோற்றுக் கோப்பை. அப்பொழுது உடல் மேலும் சோர்கிறது. இந்தச் செக்கிலே எங்கள் பெண்கள் நான்கைந்து தலைமுறையாகச் சுற்றி வருகிறார்கள். இதிலிருந்து வெளியேறும் வழிகளுள் ஒன்று, அந்தக் கொப்பியை அவர்களே வாசிக்கவும் எழுதவும் பழகுவதாகும்.

கடந்த காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். எங்கள் பாட்டன் பாட்டி காலத்திலே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்பது ஒரு கடதாசித் துண்டிலே எழுதப்பட்டிருக்கும். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்தால் கடனோடு ஆளும் அந்தத் தோட்டத்துக்குப் போய்விடும். அந்தத் துண்டிலே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கு உரியவருக்கே வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபொழுது மலைநாட்டிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். அதே மலை, அதே மழை. கூலியிலே மாத்திரம் 11 சத வேறுபாடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைப்பதற்கு 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சமசம்பளம் வந்தது, ஆனால் அந்தச் சம்பளத்தைக் கையில் வாங்கியவர் யார்? மனைவியின் சம்பளத்தைக் கணவரே வாங்கி வரும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நடந்தது. மனைவி எத்தனை பேர் போட்டாள், எத்தனை கிலோ கூடுதலாகப் பறித்தாள், எவ்வளவு கழித்தார்கள் என்பது அவளுக்கே தெரியாது. பழைய துண்டு போய்விட்டது. புதிய சம்பளத் துண்டு வந்திருக்கிறது. அதையும் உரியவர் வாசிக்கவில்லையென்றால் காலம் மாறியதனால் கண்ட பயன் என்ன?

ஆதலின் முதலிலே சம்பளத் துண்டை வாசிப்போம். இங்கே ஒரு கணக்குப் போடுவோம். தாய்மார்கள் மனத்திலே போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரிலே நாட்சம்பளம் 1350 ரூபா என்று வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் சம்பளம் கூடும், மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. உங்கள் துண்டிலுள்ள தொகையை இதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1350 ரூபாவிலே நூற்றுக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா, உங்கள் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12 வீதம், அதாவது 162 ரூபா, அதனோடு சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 270 ரூபா. மாதம் 20 நாள் வேலை செய்தால் 5400 ரூபா. இதற்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 வீதம், நாளொன்றுக்கு 40 ரூபா 50 சதம், தோட்டமே கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டம். நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டியவர் முதலாளியே.

இப்பொழுது ஒரு கேள்வி. நீங்கள் 20 நாள் மலைக்குப் போயிருக்க, செக்ரோலிலே 19 பேர் மாத்திரம் விழுந்திருந்தால் நட்டம் எவ்வளவு? 1350 ரூபா என்று பலரும் சொல்வார்கள். சரியான விடை 1552 ரூபா 50 சதம். தோட்டம் கட்டவேண்டிய 162 ரூபாவும் 40 ரூபா 50 சதமும் சேர்ந்தே போகின்றன. ஆகவே ஒரு பேர் தவறினால், 'போகட்டும், ஒரு நாள்தானே' என்று விடலாகாது. அன்றைய கொழுந்து நிறையை அன்றிரவே சொந்தக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்குக் கணக்கப்பிள்ளையோடு வாதாட வேண்டிய தேவையே இராது. கொப்பியைக் காட்டினால் போதும்.

வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு அது உரியது. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம். அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதப்படி. 1350 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 18,900 ரூபா. 30 வருடம் உழைத்தவருக்கு 5,67,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். இது தருமமன்று, எவருடைய தயவுமன்று. மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று உழைத்ததில் பின்போட்டு வைத்த கூலி.

இந்தப் பணம் கைக்கு வரும் வேளையிலே எங்கள் மக்களை மறிப்பது பெரும்பாலும் பெயர்தான். பிறப்புப் பத்திரத்திலே ஒரு பெயர், அடையாள அட்டையிலே ஒரு பெயர், சேமலாப நிதியிலே இன்னொரு பெயர். 'காளியம்மா' ஓரிடத்தில் 'காளியம்மாள்' ஆகவும் வேறோரிடத்தில் தந்தை பெயர் மாறியும் கிடக்கும். எழுதியவர் கந்தோர்க்காரர், அலைகிறவர் அறுபது வயதுக் கிழவி. இந்தப் பிழையை வேலையிலிருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். தமக்குப் பின் அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் இப்பொழுதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு செய்தியையும் ஈண்டு நினைவூட்டுகிறோம். இப்பொழுது சில தோட்டங்களிலே தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்துப் பராமரித்துக் கொழுந்து கொடுக்கச் சொல்லும் வெளிவாரி முறை வருகிறது. அதிலே ஒரு மாதம் கையில் கூடுதலான காசு வரலாம். ஆனால் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதற்குச் சேமலாப நிதி உண்டா? என் பழைய சேவைக்காலம் தொடருமா?' விடையை எழுத்திலே வாங்குங்கள்.

இனிக் கொப்பியின் மற்றப் பக்கத்துக்கு வருவோம். அது உடலின் பக்கம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். இது பிள்ளையின் குற்றமன்று. பிள்ளையைச் சுமக்கும் தாயின் இரத்தத்திலே தொடங்குகின்ற குறை. காலையிலே ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியும். பகலிலே மீண்டும் அதுவே. இரவிலே எல்லோரும் உண்ட பின் சட்டியிலே மிஞ்சியது. எட்டு மணி நேரம் செங்குத்து மலையிலே நிற்கும் உடம்புக்கு இது எவ்வாறு போதும்?

தேத்தண்ணியைப் பற்றி ஒரு சொல். நாங்கள் உண்டாக்கும் பொருளை நாங்களே பழிப்பதாக எண்ண வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடியுங்கள். கிளினிக்கிலே இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம். தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் புளிப்புச் சத்து இரும்பை ஏற்க உதவும். நெத்தலி, முருங்கையிலை, லயத்தோட்டத்துக் கீரை, பயறு, கௌபி ஆகியவை விலை குறைந்த மருந்துகள். கீரையிலே அரைத் தேசிக்காய் பிழிந்தால் செலவு சில சதம்; பலன் பெரிது.

வெறுங்காலோடு நடப்பதும் இரத்தத்தைக் குடிக்கும். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து கால்வழியே ஏறுகிறது. 1916ஆம் ஆண்டிலே ராக்பெல்லர் அமைப்பின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் போதிய மலகூடங்கள் இல்லாமையால் மக்கள் மீண்டும் மீண்டும் அதற்கு ஆளானார்கள். நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பாடம் இன்றும் பழைதாகவில்லை. மருந்து ஒரு பாதி. மலகூடமும் காலிலே செருப்பும் மறு பாதி.

தாய்மார் வெளியே சொல்ல வெட்கப்படும் ஒன்றும் உண்டு. மலையிலே ஒதுங்க இடமில்லையென்று பகல் முழுவதும் தண்ணீர் குடியாமல் இருக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பும் அடிவயிற்று நோவும் இதனாலே வருகின்றன. மாதவிலக்கு நாட்களிலோ துன்பம் இரட்டிப்பு. துணியை மறைவான இருட்டிலே உலர்த்தாமல் நல்ல வெயிலிலே உலர்த்த வேண்டும். மாற்றுவதற்கு மலையருகே மறைவிடம் வேண்டும். இது கேட்கத் தகாத சலுகையன்று. தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் துரையிடம் முதலிலே கேட்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

வெற்றிலை போடும் பழக்கம் குளிருக்கும் பசிக்கும் துணையென்று வந்தது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. வாயிலே மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை கண்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக நாள் பார்க்க வேண்டாம். அவ்வாறே 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இந்தக் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டு முதல் நடக்கின்றன, பணம் வாங்குவதில்லை. மார்பிலே கட்டி உண்டா என்றும் அங்கே பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பிலே படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு அந்த நோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலையிலே போடப்படுகிறது. 'பெண்பிள்ளைக்கு என்ன ஊசி' என்று தடுத்துவிடாதீர்கள்.

'கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போய்விடுமே' என்பீர்கள். உண்மைதான். நாட்கூலிக்காரியின் நோய்க்கு இரண்டு விலை உண்டு; மருந்து இலவசமானாலும் போன நாள் இலவசமன்று. ஆனால் இன்று போகும் ஒரு பேரையும், நோய் முற்றியபின் போகும் நூறு பேரையும் கொப்பியின் இரு பக்கத்திலும் எழுதிப் பாருங்கள். எது இலாபம் என்பது தானே விளங்கும்.

இரண்டு பக்கமும் மிக நெருங்கி வரும் இடம் பிள்ளைப்பேறு. மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்தது. முன்னர் மூன்றாவது பிள்ளை தொடக்கம் லீவு பாதியாகக் குறைந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கு, முந்திய ஒரு வருடத்திலே 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். சோகையினாலே அடிக்கடி படுத்து, பேர் குறைந்த தாய்க்கு அந்த 150 நாள் எட்டாமற் போகலாம். பார்த்தீர்களா, உடலின் குறை ஊதியத்தை எங்கே வந்து தொடுகிறது என்று! கருவுற்றிருப்பதற்காக எவரையும் வேலையினின்று நீக்க முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளிலே இரு தடவை நேரம் தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. கிளினிக்கிலே தாய்க்குக் கிடைக்கும் திரிபோஷா மாவு தாய்க்கே. அதை வீடு முழுவதற்கும் உருண்டை பிடித்துக் கொடுப்பது அன்பின் மிகுதியால். ஆனால் வயிற்றிலுள்ள பிள்ளையின் பங்கை மற்றவர் உண்டதாகவே அது முடியும்.

மலையிலே வழுக்கி விழுந்தாலும் குளவி கொட்டினாலும் அன்றைக்கே தோட்டத்து வைத்தியரிடம் காட்டிப் பதியச் செய்யுங்கள். வேலையிலே நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு தரும் சட்டம் 1934 முதல் உண்டு. பதிவில்லாத காயத்துக்குச் சாட்சியில்லை.

அடுத்தது கடன். இதைச் சொல்லும்போது சபையிலே பல முகங்கள் கவிழும் என்பதை அறிவோம். கடன் வாங்கியது வெட்கமன்று; கணக்குத் தெரியாமல் வாங்குவதே ஆபத்து. லயத்து வாசலுக்கே வந்து, ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணையென்று கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் நுண்கடன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபா, வருட வட்டி நூற்றுக்கு 24, 52 கிழமைத் தவணை. வட்டி 12,000 சேர்ந்து 62,000 ரூபா. கிழமைக்கு ஏறத்தாழ 1192 ரூபா. நாட்சம்பளம் 1350 ரூபாவிலே சேமலாப நிதி போகக் கையில் வருவது 1242. ஆகவே கிழமையிலே ஒரு நாள் உழைப்பு முழுவதும் தவணைக்கே போகிறது. இரண்டு கடன் என்றால் இரண்டு நாள்.

இன்னுமொன்று. ஆறு மாதத்திலே பாதி முதலைக் கட்டிவிட்டீர்கள். உங்கள் கையிலிருப்பது 25,000 ரூபாக் கடனே. ஆயினும் வட்டி 50,000 ரூபாவுக்கே போடப்பட்டிருக்கிறது. ஆதலால் நூற்றுக்கு 24 என்று சொன்ன வட்டி உண்மையிலே அதன் இரட்டிப்பை நெருங்குகிறது. இத்தகைய கடன்களின் சுமை நாடெங்கும் பெருகியதாலேயே 2018ஆம் ஆண்டில் வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021 மார்ச்சிலே பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் தெருவோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

கடனுக்குக் கையெழுத்திடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். 'கையிலே எவ்வளவு தருவீர்கள்? எல்லாமாக எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஒரு தவணை தவறினால் என்ன செய்வீர்கள்?' மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்றும் விசாரியுங்கள். பழைய கடனைக் கட்டப் புதிய கடன் வாங்குவது, கிணற்றிலே விழுந்தவர் கயிற்றை அறுத்துக்கொள்வது போன்றது. தீபாவளி முற்பணமும் கொடையன்று; 20,000 ரூபா வாங்கினால் மாதம் 2000 ரூபாவாகப் பத்து மாதம் உங்கள் துண்டிலே கழியும். ஆகவே வாங்கும்பொழுதே தைப்பொங்கலையும் புதுவருடக் கொப்பி, புத்தகச் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊவாவிலே ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். அக்காற்றினாலே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ். அதே காற்றினாலே கொழுந்து குறைகிறது. வேலை மலிந்த மாதங்களிலே கிழமைக்கு 200 ரூபா ஒதுக்கினால் ஆறு மாதத்திலே 5000 ரூபாவுக்கு மேல் சேரும். அதைத் தாயின் சொந்தப் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்திலே போட வேண்டும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கிலே தபாற்கந்தோரிலும் பணம் போடலாம். சீட்டுப் பிடிப்பது நல்ல வழக்கமே. அறிந்தவர்களோடு, எழுதிய கணக்கோடு பிடிக்க வேண்டும்.

'படிக்காத பெண்கள் இத்தனையும் செய்வார்களா?' என்று ஐயுறும் பெரியோருக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறோம். இந்தியாவிலே அகமதாபாத் நகரத்தில் 1972ஆம் ஆண்டு இளா பட் அம்மையார் சுயதொழிற் பெண்கள் சங்கமாகிய சேவாவை நிறுவினார். கூடை சுமப்பவர்களும் தெருவிலே காய்கறி விற்பவர்களுமே அதன் உறுப்பினர். 1974ஆம் ஆண்டிலே 4000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபா பங்குப் பணம் போட்டுத் தமக்கென ஒரு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்திடத் தெரியாதவர்களை அடையாளம் காணப் புத்தகத்திலே அவர்கள் படத்தை ஒட்டினார்கள். தமிழ்நாட்டிலே 1978ஆம் ஆண்டு சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். சிறு கடனோடு நில்லாமல், குடிசைப் பெண்களையே பயிற்றி, அவர்களைக்கொண்டு அயல்வீட்டுப் பெண்களுக்குச் சுகாதாரம் போதித்தார்கள். காசும் நலமும் ஒன்றாய்ப் போனால்தான் நிலைக்கும் என்பதை அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள்.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறைந்த கூலிக்குச் சிக்கனம் மருந்தாகாது. வயிறு நிறையாதவரிடம் சேமிப்பைப் போதித்துவிட்டுக் கைகழுவுவது தொண்டன்று. நியாயமான சம்பளமும் காணியும் வீடும் கேட்க வேண்டியவையே. ஆனால் கணக்குத் தெரிந்தவருடைய கேள்விக்குத்தான் கூர்மை உண்டு. 2015 செப்டெம்பரிலே கேரளத்து மூணாறு மலைகளில், பெரும்பாலும் தமிழராகிய தேயிலைத் தொழிலாளிப் பெண்கள், தமது போனஸ் நூற்றுக்கு 10 ஆகக் குறைக்கப்பட்டதைக் கண்டு தாமே தெருவிலே அமர்ந்தார்கள். தலைவர்களைப் பேச விடவில்லை. ஒன்பது நாளின் பின் 20 வீதம் பெற்றார்கள். தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்ற எண் அவர்கள் நாவிலே இருந்தது. அதுவே அவர்கள் பலம்.

இனி, நமது சங்கம் செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

சங்கத்து இளைஞரே! உங்களிற் பலர் தாயின் கொழுந்துக் காசிலே உயர்தர வகுப்பு வரை படித்தவர்கள். ஒவ்வொரு தாய்க்கும் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கத்திலே உடலின் கணக்கு: கிளினிக் நாள், இரத்தப் பரிசோதனை, மாத்திரை, பிள்ளையின் நிறை. வலப்பக்கத்திலே ஊதியத்தின் கணக்கு: போட்ட பேர், பறித்த கிலோ, கைக்காசு, கழிவு, கடன், சேமிப்பு. எழுதத் தெரியாத தாய்க்குப் பிள்ளை எழுதட்டும். ஆனால் மாதத்துக்கொரு முறை தாயை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பள நாளுக்குப் பின்வரும் ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்திலே இரண்டு மணி நேரம் அமர்ந்து துண்டுகளைச் சேர்ந்து வாசிப்போம். குடும்பநல மாதுவையும் தொழிற் கந்தோர் உத்தியோகத்தரையும் முறைவைத்து அழைப்போம்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதிக் கடதாசி, வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையிலே இட்டு, கதவோரம் மாட்டுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் முடிவிலே டித்வா புயல் எங்கள் மாவட்டத்தை உலுக்கியது. உயிர் பிழைத்தவர்கள் தாம் யாரென்று நிறுவ ஒரு கடதாசியுமின்றி நிற்பது இரண்டாவது சரிவு. நிலம் அதிரும் வேளையிலே முதலில் பிள்ளையைத் தூக்குங்கள். கைக்கெட்டினால் மாத்திரம் அந்தப் பையை எடுங்கள்.

ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியின் சம்பளத் துண்டு மனைவியின் கையிலே இருக்கட்டும். அடுப்பிலே முதற்பிடி சோறு, மலைக்குப் போய் வந்தவளுக்கும் உரியதென்று நினையுங்கள். கசிப்புக்குப் போகும் காசு எந்தப் பக்கத்திலே எழுதப்படுகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வேறு உபதேசம் தேவைப்படாது.

பெரியோர்களே, கோயிற் பரிபாலகர்களே! உங்களிடம் கேட்பது சிறிது கடினமானது. மாரியம்மன் திருவிழாவுக்கு நாம் வகுக்கும் வரியைக் கட்டுவதற்காக ஒரு தாய் கடன் வாங்கினாள் என்றால், அந்த விளக்கு அம்மன் சந்நிதியிலே பிரகாசிக்குமா? வரியைத் தவணையாக்குங்கள், இயலாதவளுக்கு விலக்களியுங்கள். தேர் ஒரு முழம் குறைந்தால் அம்மன் கோபிக்கமாட்டாள். தாய் ஒருத்தி பசித்திருந்தால் பொறுக்கமாட்டாள்.

ஒரு காலத்திலே எங்கள் கடனை எழுதிய துண்டை வேறொருவர் வாசித்தார். எங்கள் விலையை வேறொருவர் பேசினார். இன்று எங்கள் தாய்மார் தம் உடலையும் உழைப்பையும் தாமே எண்ணிப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவிலே இந்த மேடையில் நின்று, ஒரு கொழுந்தெடுக்கும் தாய் தன் கொப்பியைத் திறந்து இந்தக் கணக்கை எங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதே எமது ஆசை. அதற்கு வேண்டிய திடத்தையும் ஒற்றுமையையும் எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.